பாடம் பார்க்க யூடியூப் திறந்தால் ஷார்ட்ஸில் முடிகிறது: போனை ஒதுக்காமல் கட்டுப்படுத்த வழி உண்டா?

படிப்பறை விளக்கு:
குரூப் 4-க்குப் படிக்கிறவர்களிடம் போனைத் தூக்கிப் பரணில் போடு என்று சொல்லிப் பயனில்லை. வகுப்பு யூடியூபில் நடக்கிறது, நடப்பு நிகழ்வுகள் பிடிஎஃப் டெலிகிராமில் வருகிறது. பாடம் முடிந்த கையோடு ஷார்ட்ஸ், அங்கிருந்து இன்ஸ்டா என்று முக்கால் மணி நேரம் போய்விடுகிறது. ஆண்ட்ராய்டில் 30 நிமிட டைமர் வைத்தாலும் நாலைந்து நாளில் கையே அதை எடுத்துவிடுகிறது. இது மன உறுதிக் குறைவா, அல்லது செட்டிங்ஸிலேயே செய்யக்கூடியது ஏதும் இருக்கிறதா? படிப்படியாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கைக்கடிகாரம்:
மன உறுதியைக் குறை சொல்லாதீர்கள், நண்பரே. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் உளவியலாளர் வால்டர் மிஷல் 1960-களின் கடைசியில் குழந்தைகளை வைத்துச் செய்த தின்பண்டச் சோதனையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள்: உடனே தின்னாமல் காத்திருந்தால் கூடுதலாகக் கிடைக்கும். அதில் பலர் கவனிக்காதது, பண்டம் கண்ணெதிரே இருந்தபோது குழந்தைகள் சீக்கிரம் தோற்றார்கள், மறைத்து வைத்தபோது வெகுநேரம் காத்திருந்தார்கள் என்பதுதான். ஆசை வந்தபின் அதோடு மல்லுக்கட்டுவதைவிட, அது கண்ணில் படாதபடி முன்னாலேயே ஏற்பாடு செய்வது எளிது.

முதலில் யூடியூப். செட்டிங்ஸில் வாட்ச் ஹிஸ்டரியை நிறுத்துங்கள். அதோடு விட்டால் வேலை பாதிதான். பழைய ஹிஸ்டரியையும் அழிக்க வேண்டும், இல்லையென்றால் அதை வைத்தே பரிந்துரைகள் தொடர்ந்து வரலாம். இரண்டும் செய்தால் முகப்புப் பக்கம் காலியாகிவிடும். ஆட்டோபிளேயையும் அணைத்துவிடுங்கள். பிறகு, முந்தின நாள் இரவே மறுநாள் பார்க்க வேண்டிய மூன்று நான்கு வகுப்புகளை ஒரு பிளேலிஸ்ட்டில் சேர்த்து வையுங்கள். காலையில் தேடல் பெட்டி பக்கமே போகாமல் பிளேலிஸ்ட்டை நேரே திறக்கலாம். மனம் தெளிவாக இருக்கும் நேரத்தில் முடிவெடுத்து, சோர்ந்த நேரத்தில் அதை நிறைவேற்ற மட்டும் செய்வதுதான் இதன் சூட்சுமம்.

இதிலும் ஓட்டை உண்டு. ஷார்ட்ஸ் பொத்தான் கீழே அப்படியேதான் இருக்கும். வீட்டில் கணினி இருந்தால் உலாவியில் அன்ஹுக் என்ற நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) போடுங்கள். ஷார்ட்ஸ், பக்கவாட்டுப் பரிந்துரை, கருத்துகள் எல்லாவற்றையும் மறைத்துவிடும். போன் மட்டும்தான் என்றால், வகுப்பை டவுன்லோட் செய்துகொண்டு நெட்டை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

டைமர் தோற்பதற்குக் காரணம், அதை வைத்த விரலே அதை எடுக்கவும் முடிவதுதான். ஐபோன் வைத்திருப்பவர்கள் ஸ்கிரீன் டைம் பாஸ்கோடை அக்காவையோ நண்பரையோ போடச் சொல்லி, வரம்பு முடிந்தால் பூட்டும் தேர்வையும் இயக்க வேண்டும். அது இயங்காவிட்டால் ‘இன்றைக்கு மட்டும் விடு’ என்ற வழி திறந்தே கிடக்கும். ஆண்ட்ராய்டின் டைமரை நம்புவதைவிட இன்ஸ்டா ஆப்பையே நீக்குவது நல்லது. கணக்கை அழிக்க வேண்டியதில்லை. உலாவியில் மட்டும் பாருங்கள், பார்த்து முடித்ததும் ஒவ்வொரு முறையும் லாக் அவுட் செய்யுங்கள், பாஸ்வேர்டை உலாவியில் சேமிக்காதீர்கள். 16 எழுத்து பாஸ்வேர்டைத் தாளில் எழுதி வேறு அறையில் வைத்தால், எழுந்து போய் எடுத்து வருவதற்குள் பாதி வேகம் தணிந்துவிடும்.

படிப்பறை விளக்கு:
நன்றி அண்ணா. பட்டன் போனுக்கு மாறிவிடலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். மூளையில் ஆசையைத் தூண்டும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சரிசெய்ய ஒரு நாள் போனை விட்டிருக்கும் ‘டோபமைன் டீடாக்ஸ்’, ‘21 நாளில் பழக்கம் மாறும்’ என்பதெல்லாம் எந்த அளவுக்குச் சரி?

மருதநிலம்:
பட்டன் போன் நல்ல யோசனைதான், ஆனால் இருக்கிற சிம்மைக் கழற்றி அதில் போடாதீர்கள். யுபிஐ ஆப் உங்கள் சிம்மோடும் போனோடும் பிணைக்கப்பட்டது. சிம் மாறினால் மறுபடி சரிபார்க்கச் சொல்லும், பணம் கட்ட வேண்டிய நேரத்தில் தவிப்பீர்கள். புதிய சிம் ஒன்றை பட்டன் போனில் போட்டு, அந்த எண்ணை வீட்டாருக்குக் கொடுங்கள். படிக்கும் நேரத்தில் ஸ்மார்ட்போன் வேறு அறையில் இருக்கட்டும். அவசர அழைப்பு தவறிவிடுமோ என்ற பயம் போய்விடும். போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளப் பலரும் சொல்லும் முதல் காரணம் அந்தப் பயம்தான்.

டோபமைன் தொட்டித் தண்ணீர் அல்ல, ஒரு நாள் விரதமிருந்து நிரப்பிக்கொள்ள. ஃபீடைத் தள்ளிக்கொண்டே இருக்கிறோமே, பத்தில் எட்டு சப்பென்று இருக்கும், ஒன்பதாவது நன்றாக இருக்கும். அடுத்த நல்லது எப்போது வரும் என்று தெரியாததுதான் கையை ஓட்டுகிறது. இப்படிக் கணிக்க முடியாமல் வரும் பரிசுக்காகச் செய்யும் பழக்கம் எளிதில் விடாது என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்தே காட்டியிருக்கிறார். புத்தகத்தில் அத்தியாயம் முடிந்தால் தலை நிமிரும். ஃபீடில் அப்படி ஒரு முடிவே இல்லை, வேண்டுமென்றே எடுத்துவிட்டார்கள். அதனால் முடிவை நாம்தான் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். 15 நிமிடத்துக்கு அலாரம் வைத்து, அதை அணைக்க எழுந்து நடக்க வேண்டிய தூரத்தில் வையுங்கள். அலாரமும் அதே போனில் இருந்தால் பயனில்லை.

21 நாள் கணக்குக்கு ஆதாரம் இல்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் செய்த ஆய்வு 2009-இல் வெளிவந்தது. ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பின்னடைவு வரவில்லை என்பதும் அதில் இருக்கிறது. ‘இன்றைக்குக் கெட்டுவிட்டது, நாளையிலிருந்து பார்க்கலாம்’ என்று மிச்ச நாள் முழுவதையும் விட்டுவிடுகிறோமே, அதுதான் உண்மையான இழப்பு.

வேப்பமர நிழல்:
இரண்டு பேரும் விட்ட ஒன்று. ஷார்ட்ஸை எடுத்தபின் அந்தப் பத்து நிமிட இடைவேளையில் என்ன செய்வது என்று முடிவு செய்யாவிட்டால் கை டெலிகிராமுக்கோ கிரிக்கெட் ஸ்கோருக்கோ போகும். ‘வகுப்பு முடிந்ததும் மாடிக்குப் போய் இரண்டு சுற்று நடப்பேன்’ என்று, எப்போது, எங்கே, என்ன என்பதோடு எழுதி வையுங்கள். ‘குறைவாகப் பார்ப்பேன்’ என்று எழுதினால் நிற்காது. டெலிகிராமில் பிடிஎஃப் வரும் ஒரு சேனலை மட்டும் மேலே பின் செய்து, மற்றவற்றை மியூட் செய்து ஆர்க்கைவில் போடுங்கள்.

எந்த நேரத்தில் கை போனைத் தேடுகிறது என்று ஒரு வாரம் குறித்தும் பாருங்கள். மாதிரித் தேர்வில் மதிப்பெண் குறைந்த அன்றும், கணக்குப் பகுதி தொடங்கும் முன்னும் கூடுகிறதென்றால், நீங்கள் தப்பி ஓடுவது பதற்றத்திடமிருந்து. அப்போது செட்டிங்ஸ் மட்டும் போதாது, அந்தப் பாடத்தைச் சின்னச் சின்னத் துண்டாக்க வேண்டும். தூக்கம் கெட்டு, சாப்பாடு தவறி, நிறுத்த நினைத்தும் வாரக்கணக்கில் முடியவில்லை என்றால் தனியாகப் போராடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் போன், இணையப் பழக்கத்துக்கென்றே ஷட் கிளினிக் 2014-இலிருந்து இயங்குகிறது. போகும்போது அந்த ஒரு வாரக் குறிப்பையும் எடுத்துப் போங்கள், எந்த நேரத்தில் எதனால் என்பதை அவர்களும் கேட்பார்கள்.