வந்த காசு முழுக்க லாபம் என்று நினைக்கும் பிள்ளைகள்: வழி சொல்லுங்கள்

வணக்கம். மலேசியாவில் பட்டர்வொர்த் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சேமிப்பு, சிறுதொழில் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலர்கள் நாங்கள். 40 வெள்ளிக்கு (ரிங்கிட்) சாமான் வாங்கி, வடையும் சிராப் தண்ணீரும் விற்று 55 வெள்ளி வந்தால், 55 வெள்ளியையும் லாபம் என்று பங்கு போட்டுவிடுகிறார்கள், அப்புறம் அடுத்த வாரம் சாமான் வாங்கக் காசில்லை. தாளில் கேட்டால் லாபம் 15 என்று சரியாக எழுதும் அதே பிள்ளைகள்! வரவு செலவு நோட்டு, விளையாட்டுப் பணம் எதுவும் சரிவரவில்லை. போட்ட முதலுக்குத் தனி டப்பா வைத்தது கொஞ்சம் பலித்தது, ஆனால் கூட்டம் கூடினால் எல்லாக் காசும் ஒரே டப்பாவில்தான் விழுகிறது. அடுத்த மாதம் பள்ளியில் விற்பனை நாள்.

விற்கும்போதே போட்ட முதலை எடுத்துவைக்கும் பழக்கத்தை 11 வயதுப் பிள்ளைகளிடம் எப்படிக் கொண்டுவந்தீர்கள்?