நாயின் இதய மருந்துக்காக டிஹுவானா வரை போகலாமா?

கேள்வி: கடலோரவாசி

வணக்கம். நாங்கள் அமெரிக்காவின் சான் டியேகோவில் வசிக்கிறோம். எங்கள் வீட்டு நாய்க்கு வயது 11, எடை 20 கிலோ. இதய வால்வு பழுதாகி நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டதால், பிமோபென்டான், ஃபுரோசமைடு, எனலாபிரில் ஆகிய மூன்று மாத்திரைகளையும் நாள்தோறும் இரண்டு வேளை கொடுத்து வருகிறோம். மூன்றையும் சிகிச்சை அளிக்கும் இடத்திலேயே வாங்குவதால் மாதச் செலவு கையைக் கடிக்கிறது. சான் இசிட்ரோ எல்லையைத் தாண்டினால் மெக்சிகோவிலுள்ள டிஹுவானா நகரின் கால்நடை மருந்துக்கடைகளில் இவை மலிவாகக் கிடைக்கும் என்று அலுவலக நண்பர் ஒருவர் சொல்கிறார். அப்படி வாங்கி வந்த அனுபவம் யாருக்கேனும் உண்டா? சட்டச் சிக்கல் வருமா?

பதில்: மழைக்காகம்

நான் இருமுறை போய் வந்திருக்கிறேன். விலை குறைவு என்பது உண்மைதான். ஆனால் போவதைவிடத் திரும்பி வருவதுதான் பெரும்பாடு, வார இறுதியில் கார் வரிசையில் நின்றால் அரை நாள் போய்விடும். உண்ணிக்காக நான் வாங்கியது நெக்ஸ்கார்ட் ஸ்பெக்ட்ரா. வீட்டுக்கு வந்து பார்த்த பிறகுதான், அதில் உண்ணி மருந்தான அஃபோக்சோலனருடன் மில்பெமைசின் என்னும் புழு மருந்தும் சேர்ந்திருப்பதும், இங்கே விற்கப்படும் சாதாரண நெக்ஸ்கார்டில் அது இல்லை என்பதும் தெரிந்தன. ஏற்கெனவே இதயப்புழுவுக்குத் தனி மாத்திரை கொடுத்து வந்ததால், ஒரே வகை மருந்தை இரட்டிப்பாகக் கொடுத்திருப்பேன். ஆகவே பெயரையும் படத்தையும் நம்பாமல், உட்பொருளையும் மில்லிகிராம் அளவையும் ஸ்பானிய மொழியிலாவது எழுத்துக்கூட்டிப் படித்த பிறகே பணம் கொடுங்கள்.

பதில்: பழைய மருந்தாளுநர்

சட்டத்தைப் பொறுத்தவரை, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் ஒப்புதல் பெறாத விலங்கு மருந்தை நாட்டுக்குள் கொண்டுவருவது பெரும்பாலும் விதிமீறலே. அதே நிறுவனம் அதே பெயரில் தயாரித்திருந்தாலும், வேறு நாட்டுச் சந்தைக்கென்று தயாரித்த பெட்டி இங்கே ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படாது. சுங்க அதிகாரியிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவர் பறிமுதல் செய்தால் போனது போனதுதான். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபீனோபார்பிடால் போன்ற கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை இந்த வழியில் நினைத்தே பார்க்காதீர்கள்.

உங்கள் பட்டியலைப் பார்த்தால் எல்லை தாண்டவே தேவையில்லை என்று தோன்றுகிறது. ஃபுரோசமைடும் எனலாபிரிலும் மனிதர்களுக்கும் கொடுக்கப்படும் பழைய ஜெனரிக் (காப்புரிமை முடிந்து பல நிறுவனங்கள் தயாரிக்கும்) மருந்துகள். கலிஃபோர்னியாவில் கால்நடை மருத்துவரிடம் எழுத்து மூலமான மருந்துச்சீட்டைக் கேட்டுப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. அதை எடுத்துக்கொண்டு சாதாரண மருந்துக்கடைக்குச் செல்லுங்கள். உறுப்பினர்களுக்கான பேரங்காடியான காஸ்ட்கோவின் மருந்துப் பிரிவில் சீட்டு மருந்து வாங்க உறுப்பினர் அட்டைகூடத் தேவையில்லை. கடைக்குக் கடை விலை வியக்கத்தக்க அளவில் மாறும் என்பதால் முதலில் தொலைபேசியில் கேளுங்கள். பிமோபென்டான் மட்டும் இங்கே விலங்குகளுக்கெனத் தனியாக விற்கப்படுவது. அதற்கும் அதே சீட்டை வைத்து, உரிமம் பெற்ற இணைய மருந்துக்கடைகளில் விலையை ஒப்பிடலாம். விலைக்காகத் தேடும் நாள்களில் அந்த மாத்திரை ஒரு வேளைகூடத் தவறிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

பதில்: வேப்பமரத்தடி

மேற்கண்ட யோசனை நல்லதுதான். ஆனால் மனிதர்களுக்கான திரவ மருந்தை மருத்துவரைக் கேட்காமல் வாங்கிவிடாதீர்கள். வலிக்குக் கொடுக்கும் கபாபென்டினின் திரவ வடிவில் சைலிட்டால் என்னும் இனிப்பு சேர்க்கப்படுவதுண்டு. அது நாய்களுக்கு நஞ்சு.

பதில்: கடலோரவாசி

அனைவருக்கும் நன்றி. மருத்துவரிடம் சீட்டுக் கேட்கக் கூச்சமாக இருந்தது. அவரோ முகம் சுளிக்காமல் மூன்றுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டு மாத்திரைகளை அருகிலுள்ள மருந்துக்கடையில் முன்பு கொடுத்த விலையில் பாதிக்கும் குறைவாக வாங்கினேன். பிமோபென்டானுக்கு இணையக் கடையில் சொல்லிவைத்திருக்கிறேன், கையிருப்பு இன்னும் 12 நாள்களுக்கு வரும். டிஹுவானா பயணத்தைக் கைவிட்டுவிட்டோம். பிமோபென்டான் சுவையூட்டப்பட்டது என்பதால் தானே மென்று தின்னும் நாய், இந்த மலிவு மாத்திரைகளைத் துப்பிவிடுகிறது என்பதுதான் புதிய தொல்லை. இப்போதைக்கு உப்புக் குறைவாகப் போட்ட இட்லித் துண்டுக்குள் ஒளித்து வைத்துக் கொடுக்கிறேன்.