டைனோசர் பிஸ்கட் சுட்டவர்கள் சொல்லுங்கள்

அஸ்தம்பட்டி அத்தை:
கோடை விடுமுறை, வீடு நிறைய வாண்டுகள். மாவு பிசைந்து அச்சில் வெட்டிய கதையெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எதிர்வீட்டுச் சிறுமி ஒரு டி. ரெக்ஸை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அத்தை, இது சைவமா?”
“முட்டை சேர்க்கவில்லை கண்ணு, தாராளமாகச் சாப்பிடு.”
“பிஸ்கட்டைக் கேட்கவில்லை. இந்த டைனோசரைக் கேட்டேன்.”
மற்ற விலங்குகளைத் தின்னும் என்று அண்ணன் மகன் முந்திக்கொண்டான். அதை அப்படியே தட்டில் வைத்துவிட்டு, இலை தின்னும் நீள்கழுத்து டைனோசரை வாலைப் பிடித்துத் தூக்கினாள். கழுத்து தட்டிலேயே தங்கிவிட்டது. தலையில்லாத உடலை நிம்மதியாக மென்றாள். அவள் கணக்கு எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஏற்காடு காப்பித்தோட்டம்:
அக்கா, கழுத்து உடையாமல் இருக்க வழி இருக்கிறது. வெட்டிய மாவை அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். வெந்ததும் கை வைக்காதீர்கள்; சூடு ஆறும்வரை தட்டிலேயே கிடக்கட்டும். வால், கழுத்து போன்ற மெல்லிய இடங்கள் முதலில் கருகும். பெரிய உருவங்களைத் தனித் தட்டிலும் சிறியவற்றைத் தனித் தட்டிலும் சுடுங்கள். எரிமலை கேக் செய்வதானால் சோடாவைக் குறையுங்கள். இங்கே மலைமேல், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், காற்றழுத்தம் குறைவு. வாயு வேகமாக விரிந்து, கேக் பொங்கி எழுந்து நடுவில் அமுங்கிவிடும்.

என் கதை சிறியது. பொம்மையின் காலை மாவில் அழுத்தி, டிகாக்‌ஷன் தடவி, கால்தடப் பிஸ்கட் செய்தோம். மறுநாள் மகன் சுத்தியலோடு தோட்டத்துப் பாறைமேல் உட்கார்ந்திருந்தான். சேர்வராயன் மலையின் சார்னோக்கைட் பாறை 200 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது, அப்போது விலங்கே கிடையாது என்றேன். சுத்தியலைக் கீழே போட்டான். “அப்படியென்றால் நம் ஊரில் ஒன்றுமே இல்லையா?” அந்த முகத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

செவ்வாய்ப்பேட்டை சித்தப்பா:
தம்பி, அவர் இருப்பது மலைக்குக் கீழே, சேலம் அஸ்தம்பட்டியில். கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தா கேக் சுடப்போகிறார்?

பையனிடம் அரியலூரைச் சொல்லியிருக்கலாமே! செந்துறை அருகே டைனோசர் முட்டைப் படிவங்களைக் கண்டதாக 2009-இல் அறிவித்தவர்கள் நம் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள்தான். ஆனால் உருண்டையாக இருப்பதெல்லாம் முட்டை அல்ல. 2020-இல் பெரம்பலூர் குன்னத்தில் ‘டைனோசர் முட்டை’ என்று ஊரே திரண்ட உருண்டைகள் அம்மோனைட் சார்ந்த படிவங்கள் என்று ஆய்வாளர்கள் சொல்லிவிட்டார்கள். அது சுருள் ஓட்டுக் கடல் உயிரி. நாங்கள் அதையே பிஸ்கட்டாகச் செய்தோம்: மாவைக் கயிறாகத் திரித்து, முறுக்குப்போல் சுற்றி, முள்கரண்டியால் வரி போட்டோம். தட்டைப் பார்த்த மைத்துனர், “முட்டை நன்றாக வந்திருக்கிறது” என்றார். பேத்தி அவர் கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டாள். விளக்கத்தைக் கேட்ட பிறகுதான் திருப்பிக் கொடுத்தாள். நான்கு பேர் எதிரில்!

ஓமலூர் பாட்டி:
எல்லோரும் மைதாதானா? கம்பு மாவு மட்டும் போட்டால் பசை இல்லாமல் உதிரும். பாதிக்குப் பாதி கோதுமை மாவு சேருங்கள். யாரும் கேட்கவில்லைதான், சொல்லி வைக்கிறேன்.

ஏற்காடு காப்பித்தோட்டம்:
சித்தப்பா, சொல்லிவிட்டேன். அரியலூருக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று காலையிலிருந்து நச்சரிக்கிறான். நீங்களே வந்து கூட்டிப்போங்கள்.