கணைய நோய் மாங்கா: புத்தகமா படமா, எது முதலில்?

கேள்வி: ‘ஐ வான்ட் டு ஈட் யுவர் பேன்கிரியாஸ்’ மாங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) பெங்களூரில் தேடுகிறேன். எத்தனை பாகம்? படத்தை முதலில் பார்க்கலாமா?

பதில் 1: ஜப்பானில் 2 பாகம். ஆங்கிலத்தில் செவன் சீஸ் பதிப்பகம் இரண்டையும் ஒரே புத்தகமாகப் போட்டிருக்கிறது, அதனால் இரண்டாம் பாகத்துக்கு அலையாதீங்க. சர்ச் ஸ்ட்ரீட் பிளாசம் புத்தகக் கடையில் கேட்டுப் பாருங்க. சுமினோ யோருவின் மூல நாவலும் (2015) இதே பெயர்தான். அதனால் மாங்காதானா என்று உள்ளே புரட்டிப் பார்த்து வாங்குங்க. மாங்காவை வலமிருந்து இடமாகப் படிக்கணும்.

பதில் 2: நடிகர்கள் நடித்த 2017 படத்தைக் கடைசியில் பாருங்க. நாயகன் வளர்ந்து வாத்தியாரான பகுதி அதில் புதுசா சேர்த்தது, மூலத்தில் கிடையாது. 2018 அனிமே (ஜப்பானிய அனிமேஷன் படம்) நாவலை ஒட்டியே போகும். விக்கிப் பக்கம் மட்டும் போயிடாதீங்க, முடிவு தெரிஞ்சிடும்! கணைய நோய் வந்த நாயகியின் சாவு நீங்க எதிர்பார்க்கிற வழியில் வராது.

பதில் 1: முடிந்தால் நாவலும் படிங்க. அதில் நாயகன் பெயருக்குப் பதில் அடைப்புக்குறிக்குள் ‘ரகசியம் தெரிந்த வகுப்புத்தோழன்’ என்கிற மாதிரி வரும். எதிரில் பேசுபவர் தன்னை எப்படிப் பார்க்கிறார் என்று அவன் போடும் கணக்கு அது. ஆள் மாற மாற அதுவும் மாறும்.