கல்யாண ஃபோட்டோவுக்கு எத்தனை ஜிபி கார்டு? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம். முழு நாளும் நான்தான் படம் எடுக்கப் போகிறேன். கேமரா 24 மெகாபிக்சல், இரண்டு கார்டு ஸ்லாட் இருக்கிறது. இப்போதைக்குக் கையில் உள்ளது ஒரே ஒரு 32 ஜிபி கார்டு. 256 ஜிபி ஒன்றை வாங்கிப் போட்டுவிடலாமா, இல்லை 64 ஜிபியில் நாலு வாங்கலாமா? கல்யாணங்களில் எடுத்துப் பழகியவர்கள், உங்களுக்கு நேர்ந்ததையும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

*

தம்பி, முதலில் கணக்கைப் போட்டுவிடுங்கள். உங்கள் கேமராவில் சுருக்கிய ரா ஃபைல் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) ஒன்று 25 முதல் 30 எம்பி வரும். சுருக்காத ரா என்றால் 48 எம்பி பக்கம் போய்விடும். நல்ல தரத்தில் ஜேபெக், அதாவது எங்கும் திறக்கும் சாதாரண பட ஃபைல், சுமார் 10 எம்பி. காலையிலிருந்து இரவு வரை நின்றால் 3000 படம் சாதாரணமாகச் சேரும். சுருக்கிய ராவில் மட்டும் எடுத்தாலே 75 முதல் 90 ஜிபி ஆயிற்று. கூடவே அதே கார்டில் ஜேபெக்கும் எழுதினால் 120 வரை தொடும்.

இன்னொன்று. கேமரா காட்டும் 'இன்னும் இத்தனை படம்' என்ற எண்ணை நம்பி உட்காராதீர்கள். அது ஒரு மதிப்பீடுதான். ஒரு மாலை வரவேற்பில் மேடை தவிர மற்ற விளக்குகளை அணைத்துவிட்டார்கள். கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்ட வேண்டும் என்று சொல்லும் ஐஎஸ்ஓவை 6400-க்கு ஏற்றினேன். மணப்பெண்ணின் உடை முழுக்க மின்னும் வேலைப்பாடு. ஒரு படம் எடுத்தால் கவுன்ட்டர் ஒன்று குறைய வேண்டும் அல்லவா? சில சமயம் இரண்டு குறைந்தது. ஐஎஸ்ஓ ஏறினால் படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் சேரும். அதைச் சுருக்குவது கஷ்டம் என்பதால் ஃபைல் பெருத்துவிடும். பகலில் எடுத்துப் பார்த்த கணக்கு இரவுக்குச் செல்லாது. கணக்கில் வருவதற்கு மேல் மூன்றில் ஒரு பங்காவது கூடுதலாக வையுங்கள்.

*

நான் சின்ன கார்டுகள் பக்கம். காரணம் இருக்கிறது. ஒரு கல்யாணத்தில் இரண்டாவது ஃபோட்டோகிராஃபராகப் போயிருந்தேன். முதன்மையாக எடுத்தவரின் கேமராவில் ஒரே ஸ்லாட், ஒரே பெரிய கார்டு. சடங்கு முடிந்து குடும்பப் படங்கள் தொடங்கும்போது 'கார்டைப் படிக்க முடியவில்லை' என்று திரையில் வந்தது. நல்லவேளை, அவர் அங்கேயே கார்டைக் கழற்றித் தனியாக வைத்துவிட்டார், ஃபார்மட் செய்யவில்லை, மேற்கொண்டு எதையும் எழுதவில்லை. பிறகு ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை வைத்து நிறைய படங்களை மீட்டோம். எல்லாம் வரவில்லை. ஒரு படத்தில் மணப்பெண்ணின் நெற்றியும் புருவமும் பளிச்சென்று இருக்கின்றன, கண்ணுக்குக் கீழே முழுக்கச் சாம்பல் பட்டை. அதை அந்த வீட்டாரிடம் காட்டும்போது நானும் பக்கத்தில் நின்றேன். அன்றிலிருந்து ஒரு நாள் முழுவதையும் ஒரே கார்டில் நம்பி வைக்க எனக்கு மனம் வருவதில்லை. நாலு கார்டாக இருந்தால் போனாலும் கால்வாசியோடு போகும்.

*

மேலே சொன்ன நண்பரின் வருத்தம் புரிகிறது. ஆனால் அது ஒற்றை ஸ்லாட் கேமராவுக்கான விடை. கேட்டவரிடம் இரண்டு ஸ்லாட் இருக்கிறதே!

அடிக்கடி கார்டு மாற்றுவதிலும் ஆபத்து உண்டு. என்னோடு எடுத்தவருக்கு மணமக்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் நேரத்தில் கார்டு நிறைந்துவிட்டது. அவசரமாக அடுத்ததைச் செருகினார். கார்டின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பூட்டு, விரல் பட்டுக் கீழே நகர்ந்திருக்கிறது. கேமரா 'பூட்டப்பட்டுள்ளது' என்று சொல்லி எழுத மறுத்தது. மறுபடி கழற்றி, பூட்டை ஏற்றி, செருகுவதற்குள் இருவரும் பேனாவை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள். அந்தப் படம் என் கேமராவில் இருந்ததால் தப்பித்தோம்.

அதனால் நான் செய்வது இதுதான்: ஒரே அளவில் இரண்டு கார்டு, இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே படம் எழுதும் பேக்கப் முறை. ஒன்று செத்தாலும் மற்றொன்றில் எல்லாம் இருக்கும். 'ஒரே அளவு' என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு பக்கம் 128, மறுபக்கம் உங்களிடம் உள்ள 32 என்று போட்டால், பெரும்பாலான கேமராக்களில் 32 நிறைந்ததும் ஷட்டர் நின்றுவிடும். 128-க்குக் கொடுத்த காசில் முக்கால்வாசி சும்மா கிடக்கும்.

*

வீடியோவும் எடுப்பீர்களா? அதைச் சொல்லவில்லையே. 4கே வீடியோ நொடிக்கு 100 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. அதற்கு வி30 கார்டு போதும், அதாவது நொடிக்கு 30 எம்பிக்குக் குறையாமல் எழுதும். தொடர்ச்சியாக ஷாட் அடிப்பவர்கள் வி60 பாருங்கள், கேமரா அதன் வேகத்துக்கு ஈடு கொடுக்குமா என்பதையும் பாருங்கள். அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம். பஃபர் (கார்டில் எழுதும் வரை படங்கள் தங்கும் கேமராவின் தற்காலிக நினைவகம்) காலியாவதற்குக் காத்து நிற்கும்போது நமக்கு வேண்டியது எழுதும் வேகம்.

*

எல்லோருக்கும் நன்றி. வீடியோ கிடையாது, படம் மட்டும்தான். அப்படியென்றால் 128-ல் இரண்டு என்று முடிவு செய்கிறேன். ஒரு சந்தேகம்: பழைய 32-ஐ இரண்டாவது ஸ்லாட்டில் ஜேபெக்குக்கு மட்டும் வைத்தால் ஒரு கார்டு மிச்சமாகுமே?

*

வேண்டாம் தம்பி. 3000 ஜேபெக் என்றால் 30 ஜிபி, அதாவது விளிம்பில் நிற்கிறீர்கள். இரவு ஐஎஸ்ஓவில் தாண்டிவிடும். கடைசி நேரத்துக்கு அவசரக் கார்டாகப் பையில் இருக்கட்டும், அதற்கு அது நல்ல கார்டுதான்.

*

வாங்கியதும் முதல் வேலையாகக் கார்டைச் சோதியுங்கள். மலிவாகக் கிடைத்தது என்று தெரிந்தவர் ஒருவர் வாங்கிய '128 ஜிபி' கார்டு, கம்ப்யூட்டரில் 128 என்றுதான் காட்டியது. உள்ளே இருந்தது அதில் சிறு பங்கு. உண்மையான இடம் தீர்ந்த பிறகு எழுதியவை எங்கேயும் போய்ச் சேரவில்லை. பட்டியலில் பெயர் இருக்கும், திறந்தால் படம் இருக்காது. கல்யாணத்துக்கு முன்பே எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற மென்பொருளால் கார்டை முழுக்க நிரப்பிப் படித்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். பெரிய கார்டுக்கு நேரம் பிடிக்கும், இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம்.

தேறிய கார்டை அதே கேமராவில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். அன்றைக்கு இடம் போதவில்லை என்று மேடையோரத்தில் நின்று படங்களை அழிக்க ஆரம்பிக்காதீர்கள். நிறைந்த கார்டைப் பையில் முகம் கவிழ்த்து வையுங்கள், காலியானது முகம் நிமிர்ந்து இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று என இரண்டு பிரதி எடுத்து, நாலைந்து படங்களைத் திறந்து பார்த்த பிறகுதான் கார்டை ஃபார்மட் செய்ய வேண்டும். அதுவரை இரண்டு 128-யும் தொடாதீர்கள், மறுநாள் யாராவது கேமராவோடு கூப்பிட்டால் அந்த 32 போதும்.