ஊருணி தூர்வார ஊர் வரியா, பேரூராட்சி நிதியா?

செம்மண்பாதை:
சிவகங்கைப் பக்கம் ஒரு பேரூராட்சி. அரை ஏக்கர் ஊருணி, சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. தலைக்கட்டு வரி (குடும்பத் தலைவருக்கு இவ்வளவு என்று ஊர் வசூலிப்பது) போட்டு இந்தக் கோடையிலேயே ஊரே தூர்வாரலாம் என்கிறார்கள் சிலர். பேரூராட்சிதான் செய்யணும் என்கிறார்கள் மற்றவர்கள். விவரம் தெரிந்தவர்கள் கணக்கோடு சொல்லுங்கள்.

வரத்துக்கால்:
ஊரே செய்யட்டும். அரை ஏக்கர் என்றால் சுமார் 2,000 சதுர மீட்டர். சராசரி ஒரு மீட்டர் எடுத்தால் 70,000 கன அடி, அதாவது 700 யூனிட். வெட்டிய மண் கால் பங்கு ஊதும் என்பதால் 880 யூனிட் என்று வையுங்கள். மூன்று யூனிட் டிப்பரில் ஏறக்குறைய 290 நடை. நாளுக்கு 30 நடை போனால் பத்து நாள் வேலை. கிடைப்பது 20 லட்சம் லிட்டர் கொள்ளளவு. டெண்டருக்குக் காத்திருந்தால் ஐப்பசி மழை வந்துவிடும். கூலியும் டீசலும் ஊருக்குத் தாங்காத தொகை இல்லை.

அ_பதிவேடு:
கணக்கு சரி சார், ஆனால் அந்த 880 யூனிட் மண் எங்கே போகும்? ஊருணி மண்ணும் 1959ஆம் வருட சிறுகனிம விதிகளுக்குள்தான் வரும். விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் எடுக்கத் தாலுகா அலுவலகத்திலேயே அனுமதி என்று 2024ல் எளிதாக்கினார்கள். அதுவும் மாவட்ட அரசிதழில் வந்த நீர்நிலைக்கு மட்டும். அனுமதிச் சீட்டு இல்லாமல் டிப்பர் ரோட்டில் ஏறினால் வண்டி ஸ்டேஷனில் நிற்கும், வரி கொடுத்தவர்கள் நாட்டாமையிடம் கணக்குக் கேட்பார்கள்.

ஆக்கிரமிப்பு அதைவிடச் சிக்கல். 2007 ஏரிப் பாதுகாப்புச் சட்டம் பொதுப்பணித் துறை ஏரிகளுக்குத்தான். பேரூராட்சி ஊருணிக்கு 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி வருவாய்த் துறை நோட்டீஸ் கொடுக்கணும். ஊர்க்கூட்டம் போய் ஒருவர் வீட்டுப் படிக்கட்டை இடிக்கச் சொன்னால் தலைமுறைப் பகைதான் மிஞ்சும்.

வரத்துக்கால்:
அனுமதி வாங்கணும், மறுக்கவில்லை. ஆனால் யூனிட்டுக்கு இவ்வளவு என்று பேசிய ஒப்பந்ததாரர் ஆழமாக வெட்டத்தான் பார்ப்பார். அடியில் இருக்கும் களிப்படுகையை ஜேசிபி கிழித்துவிட்டால் மழை பெய்த ஒரே மாதத்தில் தண்ணீர் மணலுக்குள் இறங்கிவிடும். முதலில் நாலு மூலையிலும் நடுவிலும் சோதனைக்குழி போட்டு, கறுப்பு வண்டல் எத்தனை அடி என்று குறிக்கணும். ஒட்டும் களி தெரிந்ததும் பக்கெட் நிற்கணும். கரைச்சரிவு ஓரடி உயரத்துக்கு ஒன்றரை அடி அகலத்துக்குக் குறையக் கூடாது. கருவேலத்தை வேர்க்கழுத்தோடு, ஓரடி ஆழத்தில் பறிக்கணும். தரைமட்டத்தில் அறுத்தால் அடுத்த மழைக்கே துளிர்க்கும். இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்க்க ஊர்க்காரனுக்குத்தான் அக்கறை இருக்கும்.

நமக்கு நாமே திட்டத்தையும் பாருங்கள். மதிப்பீட்டில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதி அரசுப் பணம்.

மூன்றாம்தெரு:
இரண்டு பேருமே "ஊர்" என்கிறீர்கள். அது யார்? தலைக்கட்டு என்றால் பல இடங்களில் கல்யாணமான ஆண் மட்டும். தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு அரை வரி அல்லது விலக்கு. அதனால் கூட்டத்தில் அவர் பேச்சும் எடுபடாது. வாடகைக்குக் குடியிருப்பவரைக் கூப்பிடுவதே இல்லை. காலனியிடம் வரி வாங்காமல் விடுவதைச் சலுகை என்கிறார்கள், நாளைக்குப் படித்துறையில் இறங்கினால் "உனக்கென்ன பாத்தியதை" என்று கேட்பதற்கான ஏற்பாடு அது. பொதுக்குளத்திலும் படித்துறையிலும் யாரையும் சாதி சொல்லித் தடுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 15(2) சொல்கிறது. வரி போடுவதென்றால் வீட்டுக்கு ஒன்று, எல்லாத் தெருவுக்கும், ரசீதோடு.

பேரூராட்சிக்குக் கிராமசபை கிடையாது. அதற்குப் பதில் வார்டுக்குள் மக்கள் கூடும் பகுதி சபை 2022 நவம்பர் 1ல்தான் தொடங்கியது. அங்கே தீர்மானம் எழுதி வாங்குங்கள்.

அ_பதிவேடு:
மூன்றாம்தெரு சொல்வதற்கு முழு ஆதரவு. அந்தத் தீர்மானத்தில் சாக்கடையையும் சேருங்கள். சிறுநகரத்தில் ஊருணியைக் கெடுப்பது வண்டலைவிடக் குளியலறைத் தண்ணீர்தான். மழைத்தண்ணீர் வந்து சேரும் வாய்க்காலான வரத்துக்காலில் அது கலந்தால் இரண்டே வருடத்தில் ஆகாயத்தாமரை மூடிவிடும். கழிவுநீரைத் தனி வாய்க்காலில் திருப்புவது பேரூராட்சி வேலை, வரி வசூலில் முடியாது.

வரத்துக்கால்:
அது உண்மை, அந்த இடத்தில் ஊரால் தனியாக முடியாது. அப்படியானால் வரிசையை மாற்றுவோம். தூர்வாருவதற்கு முன்னால் வரத்துக்காலை அளக்கணும். 20 மீட்டருக்கு ஒரு முளை அடித்து டியூப் லெவலில் (தண்ணீர் நிரப்பிய குழாயில்) மட்டம் பாருங்கள். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே புது ரோடு போட்ட இடத்தில் மட்டம் அரை அடி ஏறியிருக்கும், தண்ணீர் அங்கேதான் திரும்பி ஓடுகிறது. 10 ஏக்கர் வரத்துப் பரப்பில் 50 மில்லிமீட்டர் மழை பெய்து, அதில் முப்பது சதவீதம் ஓடிவந்தால் 6 லட்சம் லிட்டர். அப்படி நாலு மழை வந்தால் ஊருணி நிறையும். கால் அடைபட்டிருந்தால் 290 நடையும் வீண்.

செம்மண்பாதை:
புல எண்ணும் வரைபடமும் கையில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை முளை அடிக்கிறோம், மூன்று தெருவுக்கும் சொல்லியாயிற்று. மட்டக் கணக்கை இங்கேயே போடுகிறேன்.