தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டு கம்ப்யூட்டர்: ரேம் ஒரே 16 ஜிபி ஸ்டிக்கா, இரண்டு 8ஆ?

கொங்குக் கணக்கர்:
வணக்கம்ங்க. வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்றேன். ரைசன் 5 5600ஜி ப்ராசசர், ஏ520 மதர்போர்டு, 500 ஜிபி எஸ்எஸ்டி. கிராபிக்ஸ் கார்டு தனியா வாங்கப் போறதில்லை. போர்டுல ரேம் ஸ்லாட் ரெண்டுதான். ராத்திரி எனக்கு டேலி, எக்செல். பகல்ல பிளஸ் டூ படிக்கிற பொண்ணுக்கு ஆன்லைன் வகுப்பு. லீவு நாள்ல பையன் வேலரன்ட் விளையாடுவான். ஒரு கடையில "16 ஜிபி ஒரே ஸ்டிக்கா போடுங்க, ஒரு ஸ்லாட் காலியா இருக்கட்டும்"ங்கறாங்க. இன்னொரு கடையில கலர் விளக்கு எரியற, 3600 வேக ரேம் மாடலைக் காட்டறாங்க. எதுங்க சரி? பழைய மெஷின்ல 4 ஜிபி டிடிஆர்3 ரேம் ஒண்ணு இருக்கு, அது ஆகுமா?

சில்லு நேசன்:
டிடிஆர்3 ஆகாது. அதில் 240 பின், உங்களுக்கு வேண்டிய டிடிஆர்4இல் 288. ஸ்டிக்கின் அடியில் உள்ள பள்ளமும் வேறு இடத்தில் இருக்கும். அழுத்திப் பார்க்காதீர்கள்.

உங்களுக்கு இரண்டு 8தான். 5600ஜிக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்கு எனத் தனி நினைவகம் கிடையாது, உங்கள் ரேமையே அதுவும் பயன்படுத்தும். 3200 வேக டிடிஆர்4 ஸ்டிக் ஒன்று நொடிக்கு 320 கோடி முறை, ஒவ்வொரு முறையும் 8 பைட் அனுப்புகிறது. அதிகபட்சம் 25.6 ஜிகாபைட். இரண்டு ஸ்டிக் போட்டால் டூயல் சேனலில், அதாவது ஒரே நேரத்தில் இரண்டு பாதையில், 51.2. வேலரன்ட் ஓடும்போது ப்ராசசரும் கிராபிக்ஸும் ஒரே நேரத்தில் ரேமிடம் கை நீட்டும். ஒற்றை ஸ்டிக்கில் பிரேம் எண்ணிக்கை, அதாவது நொடிக்குத் திரையில் வரும் படங்கள், கண்கூடாகக் குறையும்.

வைகை செல்வம்:
நேசன் அண்ணே, கணக்கு சரிதான். ஆனா கேட்டவர் வீட்டுல விளையாட்டு லீவு நாள்ல மட்டும். மத்த நேரமெல்லாம் டேலி, எக்செல், பிரவுசர். இதுக்கெல்லாம் 51 ஜிகாபைட் வேகம் எதுக்கு? அந்த ப்ராசசர்லயே 16 எம்பி எல்3 கேஷ்னு வேகமான சின்ன நினைவகம் இருக்கு, கணக்கு வேலையில பாதி அங்கேயே முடிஞ்சிரும். இவங்களுக்குப் பத்தாமப் போகப்போறது வேகம் இல்லை, அளவு. ரெண்டு ஸ்லாட்டையும் 8, 8ன்னு இன்னைக்கே அடைச்சிட்டா, நாளைக்கு 32 வேணும்னா ரெண்டையும் கழட்டி வந்த விலைக்கு வித்துட்டுப் புதுசா வாங்கணும். ஒரே 16ன்னா இன்னொரு 16 வாங்கிச் செருகினா போதும். அன்னைக்கு டூயல் சேனலும் தானா வந்துரும்.

சில்லு நேசன்:
"நாளைக்கு இன்னொன்று" என்று விட்ட ஸ்லாட்டுகள் எத்தனை வீடுகளில் கடைசிவரை காலியாகவே கிடக்கின்றன, தம்பி! கணினியின் ஆயுள் முழுக்க ரேமைப் பாதி வேகத்தில் ஓட்டிவிட்டு, வராத 32க்காகக் காத்திருப்பதில் என்ன லாபம்?

இன்னொன்று, இது ஏஎம்4 என்ற ப்ராசசர் சாக்கெட் உள்ள போர்டு. ஏஎம்டியின் அடுத்த ஏஎம்5 போர்டுகள் டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். இன்று வாங்கும் எந்த டிடிஆர்4 ஸ்டிக்கும் அடுத்த புதுக் கணினிக்குப் போகப்போவதில்லை. ஆகவே இந்தக் கணினியில் இன்று என்ன செய்கிறோம் என்பதே கேள்வி.

வைகை செல்வம்:
அதையேதான் அண்ணே நானும் சொல்றேன். அடுத்த மெஷினுக்குப் போர்டு, ப்ராசசர், ரேம் மூணும் புதுசா வாங்கணும்னா, நடுத்தரக் குடும்பத்துல இந்த மெஷினை எட்டு வருஷமாவது ஓட்டுவாங்க. விண்டோஸ் 7 காலத்துல 4 ஜிபி தாராளம். இன்னைக்கு விண்டோஸ் 11க்கு 4 ஜிபிதான் குறைந்தபட்சம்னு மைக்ரோசாஃப்டே சொல்லுது. அதை வச்சுக்கிட்டு ஒரு வீடியோ வகுப்பும் நாலு டேபும் திறந்து பாருங்க, தெரியும். எட்டு வருஷத்துல 16க்கும் அந்த நிலைமை வராதுன்னு சொல்ல முடியுமா?

மின்மினி:
நான் சர்வீஸ் பண்றவ. ரெண்டு பேரும் விட்டது ஒண்ணு இருக்கு, விலை. 2025 கடைசியில இருந்தே ரேம் விலை ஏறிப் போச்சு. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான், உலகத்துல ரேமுக்கான டிராம் சில்லு பெரும்பாலும் இந்த மூணு கம்பெனியில இருந்துதான் வருது. மூணும் ஏஐ சர்வர்களுக்கான நினைவகத்துக்கு உற்பத்தியைத் திருப்புறாங்க. மைக்ரான் 2025 டிசம்பர்ல குருஷியல் பேர்ல வீட்டு உபயோகத்துக்கு விக்கறதையே நிறுத்தறதா அறிவிச்சிட்டாங்க. டிடிஆர்4 பழைய தலைமுறை வேற. அதனால செல்வம், "அப்புறம் ஒண்ணு வாங்கிக்கலாம்"ங்கிற யோசனை முன்னாடி மாதிரி மலிவா முடியாது.

அதே காரணத்துக்காக "இப்போதைக்கு 8 போதும்"னு யாராவது சொன்னாலும் கேக்காதீங்க சார். உள்ளே இருக்கிற கிராபிக்ஸுக்குன்னு 512 எம்பியில இருந்து 2 ஜிபி வரை பயாஸ் (மெஷின் ஆன் ஆனதும் முதல்ல ஓடற போர்டோட மென்பொருள்) ஒதுக்கி வச்சிரும். 8ல மிச்சம் ஆறோ ஏழோதான். பிரவுசரும் வகுப்பும் சேர்ந்ததும் விண்டோஸ் எஸ்எஸ்டியை ரேம் மாதிரி பயன்படுத்த ஆரம்பிக்கும், மெஷின் திணறும். மொத்தம் 16க்குக் கீழே இறங்க வேண்டாம்.

கொங்குக் கணக்கர்:
ரொம்ப நன்றிங்க. அந்த 3600 விளக்கு மாடலைப் பத்தி யாரும் சொல்லலையே? 3200லயே சிஎல்16, சிஎல்22ன்னு ரெண்டு இருக்குன்னும் சொன்னாங்க.

சில்லு நேசன்:
சிஎல் என்பது கேட்ட தரவைத் தர ரேம் எடுக்கும் தாமதத்தைக் குறிக்கும் எண். அதை 2000ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் நானோ நொடியில் தாமதம் கிடைக்கும். 3200 சிஎல்16க்கு 10. 3200 சிஎல்22க்கு 13.75. 3600 சிஎல்18க்கும் அதே 10தான். ஆக, 3600க்குப் போனால் தாமதம் குறைவதில்லை. நொடிக்கு அனுப்பும் அளவு மட்டும் 51.2இலிருந்து 57.6 ஜிகாபைட் ஆகும். விளக்குக்குக் கொடுக்கும் பணம் விளக்குக்கு மட்டுமே. 3200 சிஎல்16 வாங்குங்கள்.

மின்மினி:
இங்கே நான் நேசன் சாரோட ஒத்துப்போகலை. சிஎல்16 ஸ்டிக் பெட்டியில போட்டிருக்கிற வேகத்துல தானா ஓடாது. பயாஸுக்குள்ள போய் எக்ஸ்எம்பிங்கிற ரேம் வேக செட்டிங்கை ஆன் பண்ணணும், அப்பதான் 1.35 வோல்ட்ல 3200 வரும். பண்ணலைன்னா பெரும்பாலும் 2400, இல்லைன்னா 2666. பயாஸ் பேட்டரி தீர்ந்தா அந்த செட்டிங்கும் போயிரும், வீட்டுல யாருக்கும் தெரியாது. காசு கொடுத்து 3200 வாங்கிட்டு வருஷக்கணக்கா 2400ல ஓடற மெஷின் என் மேஜைக்கு வந்துக்கிட்டேதான் இருக்கு. சிஎல்22 ஸ்டிக் 1.2 வோல்ட்ல, எதையும் தொடாம 3200ல ஓடும். கணக்கு பார்க்கிற வீட்டுக்கு அது போதும், நிம்மதி.

சில்லு நேசன்:
எக்ஸ்எம்பி ஆன் செய்வது ஒரு நிமிட வேலை. அதற்குப் பயந்து மெதுவான ஸ்டிக் வாங்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அசெம்பிள் செய்யும் கடைக்காரரையே செய்யச் சொல்லலாமே. வீட்டுக்கு வந்ததும் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கம் போனால் வேகம் எவ்வளவு, எத்தனை ஸ்லாட்டில் ஸ்டிக் இருக்கிறது, இரண்டுமே எழுதியிருக்கும்.

மின்மினி:
கடைக்காரர் செய்வார், அந்த செட்டிங் போயிட்டா மறுபடி யார் செய்வாங்க? அது ஒண்ணுதான் என் கேள்வி.

வைகை செல்வம்:
ஸ்டிக் எண்ணிக்கையில என் கருத்து மாறலை. பையன் வேலரன்ட்டுக்கு மேல கேட்க மாட்டான்னா ஒரே 16 வச்சே ஓட்டலாம். அவன் நிஜமாவே தினமும் விளையாடறவன்னா நேசன் அண்ணன் சொல்றதைக் கேளுங்க. அதை முடிவு பண்ண வேண்டியது நீங்கதான்.

கொங்குக் கணக்கர்:
பையன்கிட்ட கேட்டேன், லீவு நாள்னு நான்தான் நினைச்சிருக்கேன். தினமும் ராத்திரி எங்க வீட்டு மொபைல்ல ஏதாவது கேம் விளையாடறான், கம்ப்யூட்டர் வந்தா அதுலதான்ங்கறான். அதனால 8, 8ன்னு ரெண்டு, 3200 சிஎல்22 எடுத்துக்கறேங்க. பழைய ஸ்டிக் வாங்கினா கொஞ்சம் குறையும்ங்கறாங்க, அது பரவாயில்லையா?

மின்மினி:
வாங்கலாம், ஆனா ரெண்டு விஷயம். "சர்வர் ரேம், பாதி விலை"ன்னு வர்றதைத் தொடாதீங்க. சர்வருக்குன்னே செய்யற ரெஜிஸ்டர்டு ஈசிசி வகையா இருந்தா உங்க போர்டுல ஆன்கூட ஆகாது. சாதாரண ஸ்டிக்கா இருந்தா, பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86 மென்பொருளை பென் டிரைவ்ல போட்டு முழுசா ஒரு ரவுண்டு ஓட விடுங்க. ஒரே ஒரு பிழை காட்டினாலும் வேண்டாம்னு சொல்லிருங்க. புதுசு வாங்கினா பில்லில ரெண்டு ஸ்டிக்கோட சீரியல் நம்பரையும் எழுதி வாங்குங்க, வாரன்டிக்கு அதைத்தான் கேப்பாங்க.